கார்டம்மா

கலைமதி காக்கிச் சட்டை போட்ட நான்காம் வருஷம் பங்குனியில், விறகு பொறுக்கக் காட்டுக்குள் வந்த சாலம்மாளின் வலது மணிக்கட்டை லத்தியால் அடித்து உடைத்தாள். பகல் பதினொரு மணி இருக்கும்.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து காடு எரிந்துகொண்டிருந்தது. கார்த்திகைக்கு அப்புறம் ஒரு பொட்டு மழை இல்லை. வனத்துறை ஆட்கள் எட்டுப் பேர் பச்சைத் தழையை ஒடித்து நெருப்பை அடித்து அடித்து ஓய்ந்திருந்தார்கள். கலைமதிக்கு இடது புருவம் பொசுங்கிப் போயிருந்தது. கொண்டுவந்த தண்ணீரும் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஓடைப்பள்ளத்தில் விறகுக் கட்டோடு ஐந்து பெண்கள் வந்து மாட்டினார்கள். நான்கு பேர் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். சாலம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல். முழங்கால் வலியோடு அவளால் ஓட முடியவில்லை.

வனவர் பாறைமேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெருப்பு வைத்தவர்களில் ஒருத்தரையாவது பிடிக்காமல் இறங்கி வரக்கூடாதென்று ரேஞ்சர் காலையிலிருந்து நான்கு தடவை வயர்லெஸ் மைக்கில் சொல்லிவிட்டார்.

"தீ வெச்சது யாருன்னு கேளு" என்றார் வனவர்.

"எனக்கெப்படிங்க தெரியும் சாமி. நாங்க இப்பத்தான் வர்றம்" என்றாள் சாலம்மாள்.

"அவளக் கேக்கச் சொன்னேன். நீ எதுக்கு எங்கிட்டப் பேசற?" வனவர் கலைமதியைப் பார்த்தார். "என்னா நிக்கற? பொம்பளைய நான் தொட்டா கேசாயிரும். அதுக்குத்தான ஒன்னப் போட்டு வெச்சிருக்குது."

சாலம்மாள் கலைமதியைக் கும்பிட்டாள். "கார்டம்மா, உங்களுக்கு என்னியத் தெரியாதுங்களா? மாசி மாசம் வூட்டுக்கு வந்து தண்ணி கேட்டீங்களே. களி போட்டுக் குடுத்தனே. வுட்டுருங்கம்மா. வெறகே வேணாங்க, வுட்டுருங்கம்மா."

தெரியும். அந்தக் களியும் கொள்ளுக் கடைசலும் கலைமதிக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் வந்ததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. தொடையில் ஒன்று போட்டாள். இடுப்பில் ஒன்று. மூன்றாவது ஓங்கியபோது சாலம்மாள் கையைக் குறுக்கே நீட்டினாள். எலும்பு முறிந்தது பாறைமேல் இருந்த வனவருக்கே கேட்டது.

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தார். "போதும், போவச் சொல்லு."

"ஜீப்புல ஏத்திக்கலாங் சார். கை தொங்குது."

"ஆஸ்பத்திரியில எறக்கி வுட்டா போலீசுக்கு எழுதிருவான். தன்னால போவட்டும்."

சாலம்மாள் ஒடிந்த கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் வெயிலில் இறங்கிப் போனாள். அழவில்லை. நடக்க நடக்க வாந்தி எடுத்துக்கொண்டே போனாள் என்று பிறகு தெரிந்தது.

கலைமதி ஆசைப்பட்டுப் போன வனக்காவலர் வேலை இது. வத்தல்மலை அடிவாரத்தில் பிறந்தவள். கல்லூரியில் தாவரவியல் படிக்கும்போது ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள். காக்கி போட்ட ஒரு பெண் முன்னால் நடந்து, ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பேர் சொல்லிக்கொண்டு போனாள். அன்றைக்கே தானும் காக்கி போடுவதென்று முடிவு பண்ணிவிட்டாள். இண்டூர்ப் பக்கம் குமாருக்குக் கட்டிக்கொடுத்து, பூவிழி பிறந்த பிறகும் அதே நினைப்பு. முதல் தடவை எழுத்துத் தேர்வில் போய்விட்டது. இரண்டாம் தடவை தேறி, நடைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நான்கு மணி நேரத்தில் பதினாறு கிலோமீட்டர். அதியமான்கோட்டையில் இறங்கி, பெரிய ரோட்டின் ஓரத்தில் இரண்டு மாதம் நடந்து பழகினாள். குமார் பைக்கில் கூடவே வந்தான். தண்ணீர் கொடுத்தான். காலில் கொப்புளம் உடைந்தபோது ரோட்டோரம் உட்கார வைத்து மருந்து போட்டான். ஆர்டர் வந்த அன்றைக்கு இண்டூர் கடைவீதி முழுக்க மிட்டாய் கொடுத்தவனும் அவன்தான்.

வேலையில் மரத்தின் பேரை யாரும் கேட்கவில்லை. பெரிய அதிகாரி வந்தால் டீ போட வேண்டும். யானை இறங்கினால் வெடி போட வேண்டும். சோளக்கொல்லையில் மின்சாரம் பட்டுச் செத்த யானையைக் கோடாலியால் வெட்டிக் கூறு போடும்போது பக்கத்தில் நின்று குறிப்பெழுத வேண்டும். மற்ற நாளெல்லாம் பெண்களைப் பிடிப்பதுதான் வேலை. விறகுக்காரி, சீமாறுக்குப் புல் அறுப்பவள், நெல்லிக்காய் பறிப்பவள், ஆடு ஓட்டி வந்தவள். முதல் தடவை ஒருத்தியை அறைந்த நாள் ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. கை முன்னால் போய்விடும், நினைப்பு பின்னால் வரும்.

அது வீட்டிலும் வந்தது. தைப் பொங்கலன்று பூவிழி பால் சொம்பைத் தட்டிவிட்டாள். கலைமதி அறைந்ததில் பிள்ளையின் உதடு கிழிந்தது. ஏழு வயது. அதற்கப்புறம் தலை வாரச் சீப்பை எடுத்தால்கூடப் பிள்ளை முகத்தை மறைத்துக்கொண்டது.

நெருப்பு அணைந்து அன்றைக்குக் கலைமதி வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஐந்து மணி. குமார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். மாமியார் கண்ணம்மாள் வாசல் அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தாள். கலைமதி தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது மூன்று பேர் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.

"கார்டம்மா வூடு இதுங்களா?" என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டான். இருபத்தைந்து வயதிருக்கும்.

"ஆமாங்க, நீங்க?" என்றான் குமார்.

"சாலம்மா மவன். அர்ச்சுனன்" என்று சொல்லிவிட்டுத்தான் முதுகுக்குப் பின்னால் இருந்த உருட்டுக்கட்டையை எடுத்தான். ஒரே அடியில் குமார் தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்தான். தொட்டி சிவப்பாயிற்று. மற்ற இரண்டு பேரும் கலைமதியின் ஸ்கூட்டியை உதைத்துத் தள்ளி, கல்லைத் தூக்கிப் போட்டு உடைத்தார்கள். ஒருவன் களிப்பானையை எட்டி உதைக்க, கண்ணம்மாள் கொதிக்கும் களி ஒட்டிய துடுப்பாலேயே அவன் முகத்தில் வீசினாள். அவன் கத்திக்கொண்டு தரையில் புரண்டான்.

ஈரத்தலையோடு கலைமதி ஓடி வந்தாள். அர்ச்சுனன் அவளை மேலும் கீழும் பார்த்தான். நைட்டியில் இருந்தவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீயாடி அது?"

"நான்தான்" என்றாள் கலைமதி.

அவன் தோளில் அடித்தான். அவனை மடக்கிப் போட இரண்டு பிடி போதும், பயிற்சியில் கற்றுக்கொண்டதுதான். ஆனால் அவள் நின்றாள். இரண்டாவது அடி விழுவதற்குள் ஊர் திரண்டுவிட்டது. மற்ற இரண்டு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அர்ச்சுனனைப் பிடித்து மின்கம்பத்தில் கட்டி, போலீஸ் வருகிறவரை அடித்தார்கள். "வுடுங்க, போதும் வுடுங்க" என்று கலைமதி ஒவ்வொரு கையாகப் பிடித்து இழுத்தாள். யாரும் கேட்கவில்லை. அடித்தவர்களில் இரண்டு பேருக்கு அவன் யாரென்றே தெரியாது.

குமாருக்குப் பதினோரு தையல். மூன்றாம் நாள் வனவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு டைப் அடித்த காகிதத்தை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு."

கலைமதி படித்தாள். பணியிலிருந்த வனக்காவலரை சாலம்மாள் என்பவர் கொடுவாளால் வெட்ட வந்தார், காவலர் விலகியதால் கால் இடறித் தானே பாறைமேல் விழுந்தார், அதை மனதில் வைத்து மகன் அர்ச்சுனன் ஆட்களோடு வீடு புகுந்து கொலை செய்ய முயன்றார்.

"அந்தம்மாகிட்டக் கொடுவாளே இல்லீங்களே சார்."

"இருந்துச்சு. நான் பாத்தேன்."

"அடிச்சது நானுங்க."

"தெரியுது. மெதுவாப் பேசு." வனவர் குமாரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க தம்பி. இது போடலைன்னா அந்த ஊர்க்காரன் நாளைக்கு இவ மேல கேசு குடுப்பான். வேல போவும். ஜெயிலுக்கும் போவணும். போட்டாச்சுன்னா அம்மாளும் மவனும் உள்ள. முடிஞ்சுது."

அவர் போன பிறகு குமார் காகிதத்தை வாங்கிப் படித்தான். கட்டுக்கு மேல் கையை வைத்துக்கொண்டான்.

"போட்டுக் குடு மதி."

"பொய்யி மாமா."

"எம் மண்ட பொய்யா? பதினோரு தையலு பொய்யா?"

"அது நெசம். அதுக்குத்தான் நீங்க போலீசுல தனியா எழுதிக் குடுத்திருக்கீங்களே. நான் வேணாங்கல. இதுல ரெண்டையும் ஒரே பேப்பர்ல வெச்சிருக்காங்க. கையி ஒடிஞ்ச பொம்பளையக் கொண்டுபோயி உள்ள வெக்கச் சொல்றாங்க."

"காலுக்குத்தான் ஓங்கினேன், அது கையக் குறுக்க நீட்டிருச்சுன்னு நீதான சொன்ன?"

"அன்னைக்குச் சொன்னேன்." அவன் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்தாள். "காலுக்கு ஓங்கல மாமா. எங்க பட்டாலும் பரவால்லைன்னுதான் ஓங்கினேன். எனக்கு அந்த வேல வேணாம்."

"என்னா?"

"எழுதிக் குடுத்துடறேன்."

"ஆஸ்பத்திரியில வெச்சுப் பேசற பேச்சா இது?" என்று குமார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலையில் அவள் இரண்டு காகிதம் எழுதினாள். ஒன்றில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். இன்னொன்று ராஜினாமா. குமார் இரண்டையும் படித்துவிட்டுக் கேட்டான்.

"ரெண்டு மாசம் வெயில்ல ஒம் பின்னாடியே வந்தனே. எதுக்கு?"

"தெரியும் மாமா."

"ஒனக்கு என்னாடி தெரியும்? கவர்மெண்ட்டு வேல. எத்தன பேரு இதுக்குக் கெடையாக் கெடக்கறான். நீ என்னா பண்ணுவ? களைவெட்டப் போவியா?"

"பட்டுப்புழு வளக்கப் போறேன். இண்டூர்ல தங்கம்மாக்காகிட்டக் கேட்டுட்டேன். ஆறு மாசம் அங்க கூலிக்குப் போயிக் கத்துக்கறேன். தக்காளி போன அரை ஏக்கருல மல்பெரி போடலாம்."

"எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் சொல்ற."

"ஆமா."

குமார் அறைந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அடுத்து நடந்தது கலைமதிக்கே பிறகுதான் புரிந்தது. அவன் கையைப் பிடித்து முறுக்கி, காலைத் தட்டிக் கீழே சாய்த்து, அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தாள். தையல் பிரிந்து அவன் காதோரமாக ரத்தம் வழிந்தது. அவளுடைய வலது கை ஓங்கிய நிலையில் இருந்தது. குமார் திமிறவில்லை. அவளைப் பார்த்துப் பயந்து கிடந்தான்.

கதவோரத்தில் பூவிழி நின்றிருந்தாள். எப்போதும் வா, போ என்று பேசுகிற பிள்ளை.

"வுட்டுருங்கம்மா" என்றாள். "அப்பாவ வுட்டுருங்கம்மா."

இந்த வார்த்தையைக் கலைமதி காட்டுக்குள் நூறு பேர் வாயில் கேட்டிருக்கிறாள். முழங்காலை எடுத்தாள். நகர்ந்து சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணம்மாள் மகனைத் தூக்கி உட்கார வைத்து முந்தானையால் அவன் தலையை அழுத்திப் பிடித்தாள். மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "போ. போயி அந்த லெட்டரக் குடுத்துட்டு வா. இந்த வூட்டுல ஒரு கொல வுழறதுக்குள்ள குடுத்துட்டு வா."

வனத்துறை அலுவலகத்தில் காகிதங்களை வாங்கிக்கொண்டார்கள். ராஜினாமாவை உடனே ஏற்க முடியாது, விசாரணை இருக்கிறது என்றார்கள். காக்கியைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு, சித்திரை முதல் வாரம் கலைமதி தங்கம்மாளிடம் வேலைக்குப் போனாள்.

தங்கம்மாள் விதவை. ஒன்றரை ஏக்கர் மல்பெரியை ஒற்றை ஆளாக வைத்து நடத்துகிறவள், பேச்சும் கறாராக இருக்கும். "காலக் கழுவு, கையக் கழுவு. பவுடரு, பூவு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் ஆவாது. படுத்துக் கெடக்கற புழுவத் தொடாத. அது தோல உரிக்குது. பசிச்சா தலையத் தூக்கும், அப்ப எல போடு" என்றாள். காலையில் பனி காய்ந்ததும் இலையைக் கிளையோடு அறுத்து, ஈரச்சாக்கில் மூடி வைத்து, மூன்று வேளை போட வேண்டும். எச்சத்தை வாரிச் சுத்தம் பண்ண வேண்டும். தாங்க முடியாத வெயிலடித்த நாட்களில் புழு வளர்க்கும் மனையின் கூரைமேல் தென்னங்கீற்று போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். கலைமதிக்குக் காட்டு வேலையில் இறுகிய உடம்பு. கிளைக்கட்டு சுமப்பதில் யாரும் அவளுக்கு ஈடில்லை. நோய் கண்டு பால் வடிகிற புழுக்களைப் பொறுக்கிச் சுண்ணாம்புச் சட்டியில் போடும் வேலையையும் அவள்தான் எல்லாரையும்விட வேகமாகச் செய்தாள். தங்கம்மாள் அதைக் கவனித்தாள்.

"வெடுக்கு வெடுக்குன்னு எடுக்காத. நல்ல புழு நசுங்குது பாரு. கையிக்கு அடியில என்னா இருக்குதுன்னு மொதல்ல பாரு" என்றாள்.

கலைமதி சட்டியைப் பார்த்தாள். உண்மைதான். நல்லதும் ஏழெட்டு நசுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

குமார் அவளோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான். "என் நெலத்துல ஒரு குச்சி நடக்கூடாது" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னான்.

வைகாசியில் ஒரு நாள் மல்பெரிக் கொல்லைக்கே சாலம்மாள் வந்தாள். வலது கையில் நாட்டு வைத்தியர் போட்ட மூங்கில் பத்தைக் கட்டு, எண்ணெய் வாடையோடு. கலைமதி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"வனவரு வந்திருந்தாருங்க" என்றாள் சாலம்மாள். "எம் மவன் நாப்பது நாளா உள்ள கெடக்கறான். ஓசூர்ல கம்பெனி வேல போயிருச்சு. போலீசு அடிச்சதுல காது ஒண்ணு கேக்கலையாம். வர்ற புதங்கெழம விசாரணையில, நானே தடுக்கி வுழுந்தேன்னு சொல்லிட்டா, ஒங்க வூட்டுக்காரரும் கேசு வேணாம்னு எழுதிக் குடுத்துருவாராம். பையன் வந்துருவானாம்."

"எங்க வூட்டுக்காரர் ஒத்துக்கிட்டாருங்களா?"

"ஒத்துக்கிட்டாருங்க. ஒங்க வேல நெலைக்கும்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாருங்களாம்."

"நான் நெசத்த எழுதிக் குடுத்திருக்கனுங்க பெரிம்மா."

"அதத்தான் கேக்க வந்தேன். அத மாத்திச் சொல்லுங்க." சாலம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அறுத்துப் போட்ட கிளைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க நெசத்தச் சொன்னா அவங்க கேச வுடமாட்டாங்க. ஒங்க நெசத்த வெச்சிக்கினு நான் என்னா பண்றது? எனக்கு மவன் வேணும்."

"சொல்றனுங்க" என்றாள் கலைமதி.

சாலம்மாள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

விசாரணை தர்மபுரியில் நடந்தது. குமார் வெள்ளைச் சட்டை போட்டு, கலைமதியை பைக்கில் கூட்டிப் போனான். வழியில் ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாகப் பேசினான். "காலைல சாப்டியா?" என்று கேட்டான்.

அதிகாரி வயதானவர், சளி பிடித்திருந்தது. சாலம்மாளை முதலில் கேட்டார். "நானே வுழுந்தனுங்க. பாறை வழுக்குச்சுங்க" என்றாள் அவள். வனவர் ஆமென்றார். அதிகாரி கலைமதி எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு, "நீங்க வேற மாதிரி எழுதியிருக்கீங்களே" என்றார்.

ஓடைப்பள்ளத்தில் காய்ந்த மணல்தான் கிடந்தது. வழுக்குவதற்கு அங்கே ஈரமே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள் சாலம்மாள் பக்கம் பார்த்தாள்.

"மனசு சரியில்லாம எழுதிட்டனுங் சார். அவங்கதான் வுழுந்தாங்க."

அதிகாரி அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு ராஜினாமாக் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்பறம் இது எதுக்கு? எடுத்துக்கிட்டுப் போம்மா. திங்கக்கெழம வந்து சேரு. வேற பீட்ல, வேற காட்டுப் பக்கமாப் போட்டுத் தரச் சொல்றேன்."

கதவுக்கு வெளியே குமார் தெரிந்தான். தலையில் தையல் தழும்பு இருந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. அவன் சிரித்தான்.

"அது அப்படியே இருக்கட்டுங் சார்" என்றாள் கலைமதி.

"ஏன்? ஒம்மேல ஒண்ணுமே இல்லையே இப்ப."

"எம்மேல இல்லைன்னு நீங்க எழுதியிருக்கீங்க சார்." அவள் கடிதத்தை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். "மறுபடியும் அந்தச் சட்டையப் போட்டா நான் ஒருத்தரக் கொன்னுருவேன். என் வூட்லயே நடந்திருக்கும். வேணாங் சார்."

குமார் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வெளியே வருவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அலுவலகத்துக்குப் பின்னால், பறிமுதல் செய்த வண்டிகள் துருப்பிடித்து நிற்கிற இடத்தில்தான் தண்ணீர்க் குழாய். கலைமதி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சாலம்மாள் வந்தாள். நேராக வந்து இடது கையால் அறைந்தாள். பழக்கமில்லாத கை, அடி காதில் விழுந்தது. இரண்டாவது சரியாகக் கன்னத்தில் விழுந்தது. மூன்றாவதில் கலைமதியின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவளுடைய வலது கை தன்னால் மேலே வந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்து, அந்தக் கையை முறுக்கிக் கட்டுவது போல் சுற்றிக்கொண்டு நின்றாள். சாலம்மாள் மூச்சு வாங்க வாங்க இன்னும் அடித்தாள். எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. கை ஓய்ந்த பிறகு வண்டியின் பானெட்டில் சாய்ந்துகொண்டாள்.

"உள்ள சொன்னது எம் மவனுக்கு. இது எனக்குடி" என்றாள். "களி போட்டனே. களி போட்ட கையிடி இது. இதால இனிமே ஒரு சொம்பு தூக்க முடியாதுன்னுட்டான் வைத்தியன்."

கலைமதிக்கு அழுகை வந்தது, அழுதாள். சாலம்மாள் அவள் அழுவதைப் பார்த்தபடி நின்றுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தான். மேற்கே மேகம் கருத்து, மண்ணை வாரி அடித்தது காற்று. பென்னாகரம் போகிற டவுன் பஸ் வந்ததும் கூட்டம் நெருக்கியது. சாலம்மாளுக்குக் கட்டுப் போட்ட கையால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. இடது கையில் பை. ஒரு படி ஏறி, பின்னால் சாய்ந்தாள். கலைமதி இரண்டடி தள்ளி நின்றாள். தொடலாமா என்று தெரியவில்லை.

சாலம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துகினு நிக்கற. புடி இத" என்று பையை நீட்டினாள்.

கலைமதி பையை வாங்கிக்கொண்டாள். சாலம்மாள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். உள்ளே உட்கார்ந்ததும் பையைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து இடம் இன்னும் காலியாக இருந்தது. கலைமதி உட்காரவில்லை. இண்டூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

இண்டூரில் இறங்கும்போது கடைத் தாழ்வாரத்தில் குமார் பைக்கோடு நின்றிருந்தான். நனைந்திருந்தான்.

"தங்கம்மாக்கா ரெண்டு தடவ போன் பண்ணிருச்சு. மழைக்கு முன்ன அறுத்த எல இருக்குதாம், சாயங்காலத் தீனிக்கு ஆள் இல்லையாம்" என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. "யாரு அடிச்சா?"

"சாலம்மாப் பெரிம்மா."

பஸ் இன்னும் புறப்படவில்லை. ஜன்னலோரம் சாலம்மாள் உட்கார்ந்திருப்பது மழைக்குள் தெரிந்தது. குமார் அவளை ரொம்ப நேரம் பார்த்தான். அவனுடைய தாடை இறுகுவதைக் கலைமதி பார்த்தாள். அவன் கையைப் பிடிக்கலாமென்று நினைத்தாள், பிடிக்கவில்லை.

பஸ் கிளம்பிப் போனது. குமார் பைக்கை உதைத்தான். இரண்டு உதைக்கு எடுக்கவில்லை, மூன்றாவதற்கு எடுத்தது.

"ஏறு" என்றான். "புழு பசியா கெடக்கும்."